கொடுவா வயிறு

இந்தக் காலத்து மனிதர்கள் மீனைப் பிடிக்கிறார்கள். ஏந்திக்கொண்டு நின்று போட்டோ எடுக்கிறார்கள். சிலர் அதன் நெற்றியில் முத்தம்கூடக் கொடுக்கிறார்கள். பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். விடுவதற்கு எதற்கப்பா பிடிக்க வேண்டும் என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பப் பானையில் போடுகிறவனைப் பைத்தியம் என்போம். இவர்களை அப்படிச் சொல்லக்கூடாதாம். இதற்கு விளையாட்டு என்று பெயராம்.

படகுக்காரர் துடுப்பு இதைப் படகுத்துறையில் யார் காது கொடுத்தாலும் சொல்வார். கொடுக்காவிட்டாலும் சொல்வார்.

"அப்புறம் எதுக்கண்ணே அவங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்க?" என்று ஐஸ்காரன் கேட்பான். துறையின் மூலையில் ஐஸ் உடைக்கிற கொட்டகை அவனுடையது.

"நான் படகு ஓட்டறேன். பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கலை."

துடுப்பு என்பது பட்டப்பெயர். துறையில் எல்லாப் படகுக்கும் எஞ்சின் வந்த பிறகும் அவர் ஒருத்தர் மட்டும் வாங்கவில்லை. எஞ்சின் விற்க வந்தவன் இனிக்க இனிக்கப் பேசினான், அதனாலேயே நம்பவில்லை. கேலி செய்து கேலி செய்து ஊருக்கே வாய் வலித்த பிறகுதான் தூண்டில்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கிற அந்த முகத்துவாரத்தில், முட்டளவும் இடுப்பளவுமான உப்பங்கழித் தண்ணீரில், எஞ்சின் சத்தம் கேட்டால் கொடுவா மீன் இடத்தைக் காலி செய்துவிடும். சத்தமில்லாத படகு வேண்டுமென்று தூண்டில்காரர்கள் கேட்டபோது இருந்தது அவருடையது ஒன்றுதான். எவனையும் நம்பாததால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டவர்தான், இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

வாராவாரம் வருகிறவர் பல் டாக்டர். ஒல்லியான மனிதர். தொப்பி பறக்காமலிருக்கக் கயிற்றைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருப்பார். மீன் அகப்பட்டதும் முதல் காரியமாக அதன் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே கொக்கியைக் கழற்றுவார். அதைக் கேட்கிறபோதெல்லாம் துடுப்புக்குக் கடைவாயில் மிச்சமிருக்கிற பற்கள் கூசும்.

அன்று விடிந்து வெயில் ஏறாத நேரம். தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. இடிந்துபோன பழைய பாலத்தின் தூண்கள் கழிக்கு நடுவே நின்றன. வற்றும்போது சின்ன ஓடைகளிலிருந்து இறாலும் மடவை மீன் குஞ்சும் தண்ணீரோடு இழுபட்டு வரும். கொடுவா அதற்குப் பின்னால் ஓடாது. தூணுக்குப் பின்புறம் தண்ணீர் சுற்றிக்கொண்டு நிற்கிற நிழலில் அசையாமல் கிடந்து, எதிரே வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். அப்போது "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும், காலிப் பானையைக் கவிழ்த்துத் தண்ணீரில் அடித்த மாதிரி. துடுப்பு மூங்கில் கழியை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு, மோவாயால் மூன்றாவது தூணைக் காட்டினார். டாக்டர் தூண்டிலில் மாட்டிய பிளாஸ்டிக் மடவையை அதன் நிழலுக்குள் வீசினார். இரண்டாவது வீச்சில் சத்தம் கேட்டது.

முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மீன். டாக்டர் கொக்கியைக் கழற்றி, படகின் பலகையில் கீறி வைத்த அளவோடு வைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து, துடுப்பின் கையில் கொடுத்தார். அதற்கு மேல் அவர் வேலை. ஒரு கை வாலடியில், ஒரு கை தாடையடியில், முகம் நீரோட்டத்தைப் பார்த்தபடி மீனைத் தண்ணீருக்குள் பிடித்திருக்க வேண்டும். செவுள் திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில் வால் ஒரு உதறு உதறும். அப்போதுதான் விட வேண்டும். அவசரப்பட்டால் வயிற்றைக் காட்டி மிதக்கும்.

"இது பையன்," என்றார் டாக்டர்.

"எப்படித் தெரியும்? மீசை இருக்கா?"

"இந்த அளவுல எல்லாமே பையன்தான் பெரியவரே. கொடுவா முதல்ல ஆணாத்தான் வளரும். சில வருஷம் ஆணா இருந்து, உப்புத் தண்ணிக்கு இறங்கி வந்து இனம் பெருக்கும். அப்புறம் வயித்துக்குள்ளயே மாறிடும். பெருசு எல்லாம் பொண்ணு. அதனாலதான் பெருசை விடணும்னு சொல்றது. பெருசைத் தின்னா ஒரு கழி முழுக்க இருக்கிற அம்மாக்களைத் தின்ன மாதிரி."

"அப்ப அப்பன்தான் அம்மா ஆகறானா?"

"அப்படித்தான்."

மீன் வாலை உதறியது. துடுப்பு கையை எடுத்தார்.

"டாக்டரே, நீங்க பல்லு புடுங்கறேன்னு சொல்லுங்க, வாயைத் திறக்கறேன். காதுல பூ சுத்தாதீங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

துறைக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டில், வலை, பாய். பின்னறையில் அடுப்பு. மனைவி மகளின் பிரசவத்துக்கென்று போன மழைக்கு முன்னால் நகரத்துக்குப் போனவள். பேரன் பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். அவள் இன்னும் வரவில்லை. கேட்கிறவர்களிடம் "பேரனை விட்டு எப்படி வருவா" என்று சொல்லி வைத்திருந்தார். கேட்கிறவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஐஸ்காரன் ஒருத்தன்தான் தலையை ஆட்டுவதில்லை.

அவரே வடிக்கிற சோறு ஒருநாள் குழையும், ஒருநாள் விறைக்கும். சாயங்காலம் மனைவி போன் செய்வாள். காது மந்தமாகிவிட்டதால் போனைக் காலிக் குண்டானுக்குள் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். அவள் குரல் குண்டானிலிருந்து கணீரென்று வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன?"

"சோறு."

"சோத்துக்கு?"

"சோத்துக்கு உப்பு. சரி, கேளு. இன்னைக்கு அந்தப் பல் டாக்டர் ஒண்ணு சொன்னான், சிரிச்சு வயிறு வலிக்குது." டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். அப்பன் அம்மா ஆவதையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

குண்டானுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

"கேக்குதா?"

"கேக்குது. இதை நான் சொல்லலையா உங்ககிட்ட?"

"எதை?"

"சின்ன கொடுவாயில சினையே இருக்காது, பெருசுல பாலே இருக்காதுன்னு." ஆண் மீன் வயிற்றில் இருக்கிற வெள்ளைப் பட்டையைத்தான் மீன் அறுக்கிற பெண்கள் பால் என்பார்கள். "எத்தனை வருஷமாச் சொன்னேன். நடுவாந்தரமா ஒண்ணு, அதுல பாலும் சினையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கையில ஏந்திக்கிட்டு வந்து காட்டினேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. வாடை அடிக்குது, எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்க."

"எனக்கு ஞாபகமில்லை."

"எனக்கு இருக்கு."

அவர் அடுப்பைப் பார்த்தார். அது எப்போதோ அணைந்திருந்தது.

"இடது கண்ணுல புகை படிஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன். மீன் அறுக்க எதுக்குக் கண்ணுன்னு கேட்டீங்க."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"விரலை அறுத்துக்கிட்டேனே, அதுவும் பேச்சுக்குத்தான். இங்க வந்து இவ கூட்டிட்டுப் போய்க் காட்டினா, டாக்டரம்மா திட்டறாங்க. இவ்வளவு முத்தவிட்டு எங்கம்மா இருந்தீங்கன்னு."

"இப்பதான் சரி பண்ணியாச்சே." கொஞ்சம் பொறுத்து, குண்டானைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அங்க இன்னும் வேலை முடியலையா?"

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"வேலை முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு," என்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கண்ணு விஷயம் வேண்டாம், அது போகட்டும். மீன் விஷயம் போதும். நீ சொன்னது நிஜம்னு சொல்லுங்க. நாளைக்கே பஸ் ஏறறேன்."

அவருக்கு நாக்கு நுனியில் என்னமோ வந்தது. ஆனால் அது அவள் கேட்டது இல்லை.

"அறுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீங்களா?" குண்டானுக்குள் ஒரு சிரிப்புக் கேட்டது. பழைய சிரிப்புத்தான். "சரி, அறுங்க."

அந்த வீட்டில் வேலை அப்படிப் பிரிந்திருந்தது. மீன் எங்கே படுக்கும், எதைத் தின்னும், எந்தத் தண்ணீருக்கு ஏறும், எந்தக் காற்றுக்கு வாயை மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் துறையில் கூடையை இறக்கி வைத்தால் அவர் வேலை முடிந்தது. கத்தி அவளுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு மீனின் வயிற்றை அவர் திறந்ததில்லை, திறக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அவள் போன பிறகு அகப்படுகிற மீனையெல்லாம் துறையிலேயே கொடுத்துவிட்டு வெறும் சோறு தின்றதற்கும் அதுதான் காரணம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மீன் அலுத்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் தனியாகப் போய்ச் சின்னதாக மூன்று கொடுவா பிடித்து வந்தார். பலகையில் கீறிய அளவுக்கு உள்ளே இருப்பவற்றை எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சுவரில் தொங்கிய கத்தியை எடுத்தார். பிடி அவள் கைக்குத் தேய்ந்திருந்தது, அவர் கைக்கு உட்காரவில்லை. முதல் மீனைத் தாடைப் பக்கமிருந்து ஓங்கிக் குத்தினார். கத்தி எங்கேயோ போய் எதையோ கிழித்தது. பச்சையாக ஒரு நீர் கசிந்து, குடல், ஈரல், இருந்த எல்லாவற்றின் மேலும் பரவியது. எது எதுவென்று தெரியவில்லை. பித்தப்பை உடைந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. மீனே கெட்ட மீன் என்று நினைத்து அடுத்ததை எடுத்தார். அதுவும் பச்சை. மூன்றாவதில்தான் கொஞ்சம் நிதானமாகக் கீறியதால், பச்சை பரவுவதற்குள் முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது.

பால்தான். அதனால் என்ன? சின்ன மீன். சினை பிடிக்கிற வயசு வந்திருக்காது. வந்தால் பிடிக்கும்.

கழுவி வறுத்தார். வாயில் வைத்ததும் துப்பினார். வெளியே வைத்தார், பூனைக்காவது ஆகட்டும் என்று.

"அண்ணே," என்றான் ஐஸ்காரன் அடுத்த நாள், "உங்க வீட்டுப் பூனை என் கொட்டகை வாசல்ல வாந்தி எடுக்குது. என்ன சமைச்சீங்க?"

"என் வீட்டுல பூனை இல்லை."

"இனிமே இருக்காது." அவன் ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு மரச்சுத்தியால் அடித்தான். "அண்ணி எப்ப வராங்க?"

"பேரன் நடக்கட்டும்."

"நடந்தா பின்னாடியே ஓடணும். அப்புறம் எங்க வர்றது?"

"உன் வேலையைப் பாருடா."

"ஐஸ் உடைக்கிற வேலைதான், வாய் சும்மாதானே இருக்கு," என்றான். சொல்லிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணே, நான் வேணும்னா அறுத்துத் தரவா? ஒண்ணும் கேவலமில்லை."

அவர் எழுந்து போனார். சின்ன மீனை யார் அறுத்தாலும் ஒன்றுதான். அவருக்குப் பெரிய மீன் வேண்டியிருந்தது. பெரிய மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். இவருக்குச் சட்டத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் படகைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

பெரிய மீன் அந்த வாரமே வந்தது. மழைக்கு முந்தைய புழுக்கம். கழியின் மேல் காற்றே இல்லை. தண்ணீர் வற்றுகிற வேகத்தில் பாலத்துத் தூண்களைச் சுற்றி நுரை கட்டியிருந்தது. டாக்டர் பிளாஸ்டிக் மடவையை வீசி மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை. தூண்டில் கம்பு மட்டும் வளைந்துகொண்டே போனது, ரீல் அழுதது. பிறகு தூணுக்கு அப்பால் அது எழும்பியது. பலகை மாதிரி அகலமான உடம்பு, தண்ணீருக்கு மேலே முழுசாக வந்து, தலையை இடமும் வலமும் உதறி, மறுபடியும் விழுந்தது. கொடுவாயின் செவுள் மூடியில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு உண்டு. அந்த உதறலில் தூண்டில் நரம்பு அதில் பட்டால் அறுந்துவிடும். அறுபடவில்லை.

"தூணுக்குப் போக விடாதீங்க," என்றார் துடுப்பு.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா பேசாதீங்க, இழுங்க."

கழியை ஊன்றிப் படகைப் பின்னால் தள்ளித் தள்ளி, தூண்களுக்கும் மீனுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டரின் தொப்பி கழுத்துக்குப் பின்னால் தொங்கியது. மீன் பக்கத்தில் வந்தது. தண்ணீர் சிவந்திருந்தது. கொக்கி வாயில் இல்லை, உள்ளே செவுளில் மாட்டியிருந்தது. டாக்டர் இந்த முறை "வலிக்காது" என்று சொல்லவில்லை. குறடால் கொக்கியை வெட்டி எடுத்துவிட்டு, "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார்.

துடுப்பு படகிலிருந்து இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீனை வாங்கிக்கொண்டார். முகத்தை நீரோட்டத்துக்குக் கொடுத்தார். ஒரு பிள்ளையின் கனம் இருந்தது. வயிறு பருத்து அவர் மணிக்கட்டில் அழுந்தியது. இதுதான், இதைத்தான் தேடினோம் என்று மனசு சொன்னது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் கை பழகின கை. மனசு சொன்னதைக் கேட்கவில்லை. செவுள் திறந்தது, மூடியது. திறந்தது. அவர் மெதுவாக முன்னால் நடந்து நடந்து அதன் வாய்க்குள் தண்ணீரைச் செலுத்தினார். கால் சேற்றில் புதைந்தது. ரத்தம் நிற்கவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு கைக்குள் இருந்த கனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நடந்தார்.

டாக்டர் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் பிடிச்சீங்களா?"

"என்ன?"

"இல்லை... சரியாப் பிடிச்சிருந்தா பிழைச்சிருக்குமோன்னு."

"சரியாத்தான் பிடிச்சேன்."

டாக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நம்பின மாதிரித் தெரியவில்லை. துடுப்புக்குக் காதடி சுட்டது. கழியைத் தூக்கி அந்த மனிதரின் தொப்பியைத் தட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. மீனைப் படகில் ஏற்றித் துறைக்குத் திரும்பினார். அன்று போட்டோ எடுக்கவில்லை.

துறையில் டாக்டரே மீன்வளத்துறைக் காவலரைக் கூப்பிட்டு, கொக்கி செவுளில் மாட்டிச் செத்துவிட்டது என்று சொன்னார். காவலர் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போவதற்குள் யாராவது எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். டாக்டர் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெரியவரே எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஐஸ்காரன் கத்தியோடு வந்தான். "அறுக்கவா?"

"தொடாதே. ஐஸ் மட்டும் போடு."

"எங்க கொண்டு போறீங்க?"

"அறுக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட."

ஐஸ்காரன் இந்த முறை ஒன்றும் கேலி செய்யவில்லை. பெட்டி நிறைய ஐஸை அள்ளிப்போட்டு, வாலை மடக்கி வைத்து, கயிற்றால் கட்டிக் கொடுத்தான்.

பஸ்ஸில் பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். கண்டக்டர் குனிந்து பார்த்தான்.

"பெட்டியில என்ன?"

"மாப்பிள்ளைக்குப் பலகாரம்."

"பலகாரம் ஒழுகுதே."

"நெய் ஜாஸ்தி."

பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனார். நல்லதாகப் போயிற்று என்று காலை நீட்டிக்கொண்டார்.

மகளின் வீடு மூன்றாவது மாடியில். பெட்டியைத் தோளில் வைத்துப் படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி மிதியடி. மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அப்பா. ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"என்ன, வரக்கூடாதா?"

"வரக்கூடாதுன்னா சொன்னேன்? என்ன இது, ஐயோ, தரையெல்லாம் சொட்டுது."

மாப்பிள்ளை "வாங்க மாமா" என்று சொல்லிக் கால்களைச் சோபாவின் மேலே தூக்கிக்கொண்டார். பேரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, உள்ளே இருந்து வந்த மனைவியின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடியோடு அவளை இப்போதுதான் பார்க்கிறார். வேறு யாரோ மாதிரி, கேள்வி கேட்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"இளைச்சுட்டீங்களே."

"கண்ணாடி அப்படிக் காட்டும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்தாள். மூடியைத் திறந்து மீனின் வயிற்றில் கையை வைத்தாள். எதற்கு வந்தார் என்று கேட்கவில்லை.

"உன் வீட்டுல கத்தி இருக்கா?" என்று மகளிடம் கேட்டாள்.

"காய் நறுக்கறதுதாம்மா. நாங்க அறுத்த மீன்தானே வாங்கறோம்."

"அதைக் குடு."

பால்கனியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். துடுப்பு கம்பியில் சாய்ந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவள் மீன் அறுப்பதை நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் குத்தவில்லை. வாலடியில் கத்தியின் முனையை மட்டும் நுழைத்து, கூர் மேலே பார்த்திருக்க, தாடைவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். துணியைக் கிழிக்கிற சத்தம். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பச்சையாக ஒரு சின்னப் பையை முழுசாகக் கழற்றித் தனியே வைத்தாள்.

"இதைத்தான் உடைச்சிருப்பீங்க."

"யாரு சொன்னா?"

"எத்தனை மீன்ல?"

அவர் தெருவைப் பார்த்தார். "மூணு."

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. வயிற்றைத் தள்ளித் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு நீளமான பைகள், மஞ்சளாக, மேலே சிவப்பு நரம்பு ஓடி, இடமே போதாமல் நிறைந்து கிடந்தன.

"எவ்வளவு முட்டை இருக்கும் அத்தை?" என்றார் மாப்பிள்ளை, போனில் போட்டோ எடுத்துக்கொண்டே.

"யாரு எண்ணினா மாப்பிள்ளை?" அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன். சினை."

"பெருசுதானே?"

"பெருசுதான்."

"சின்னதுல என்ன இருந்துச்சு?"

"பால் மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

"அப்புறம்?"

அவர் மோவாயைச் சொறிந்தார். "இது பொறந்ததுலேருந்தே பொண்ணா இருந்திருக்கும்."

மகள் "அப்பா" என்றாள். மனைவி அவளைக் கையமர்த்தினாள்.

"சரி. அப்படின்னா சின்னப் பொண்ணு மீனெல்லாம் எங்க? நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து அறுக்கிறேன். ஒண்ணு என் கையில வரலையே."

"அதெல்லாம் நம்ம பக்கம் வராது. ஆழத்துல இருக்கும்."

"பெரிய ஆம்பளை மீன்?"

"அது கடலுக்குப் போயிருக்கும்."

"ஒண்ணுகூடத் திரும்பி வராம?"

"போனது போனதுதான்."

"ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்த ஒண்ணைக் கொண்டுவந்து காட்டினேனே."

"அதை நான் பாக்கலையே. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு நீதானே சொன்னே. இங்க பாரு, ஒரே மீனுக்குப் பக்கத்துலயே இருந்து, சின்னதுலேருந்து பெருசாகிற வரைக்கும் எவன் பாத்தான்? நீ பாத்தியா? டாக்டர் பாத்தானா?"

"யாரும் பாக்கலை," என்றாள். "நான் அறுத்தேன், அவ்வளவுதான்."

கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். பேரன் தவழ்ந்து வந்து மீனின் கண்ணைத் தொடப் போனான். மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு உள்ளே போனார், மகளும் பின்னாலேயே போனாள்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "சரின்னு மட்டும் சொல்லுங்க. உள்ளுக்குள்ள நம்ப வேண்டாம், வாயால சொன்னாப் போதும். எனக்கு அதுவே போதும். துணியை எடுத்து வைக்கிறேன், ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் வாயைத் திறந்தார். ஒரு சொல்தான். வீட்டில் இருள ஆரம்பித்திருக்கும், அடுப்பு அணைந்து கிடக்கும். குண்டான் கவிழ்த்தபடி இருக்கும். சொல்லிவிடலாம். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பாம எப்படிச் சரின்னு சொல்றது?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

"அதுவும் நிஜம்தான்," என்றாள். ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மீனைத் துண்டு போட்டாள். சினையைத் தனியாகக் கழுவி வைத்தாள். பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பேரனை வாங்கிக்கொண்டாள். அவன் அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான், அவள் "விடு, விடு" என்றாள். துடுப்பு பால்கனியிலேயே நின்றார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருந்த மாதிரித் தெரியவில்லை.

"சாப்பிட்டுப் போங்கப்பா," என்றாள் மகள். "மீன் ஆயிடும்."

"பஸ் போயிடும்."

"அடுத்த பஸ் இருக்கே."

"இருக்குன்னு நீ சொல்றே."

மனைவி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுவரை வந்தாள். "சோத்துல தண்ணியைக் கொஞ்சம் குறைச்சு வைங்க," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். கதவு மூடுகிற சத்தம் இரண்டாவது மாடி தாண்டியபிறகுதான் கேட்டது. அதுவரை நின்றிருக்கிறாள்.

தெருவில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரும் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர் நடக்கிற நடைக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். ஒரே ஒரு பெரிய மீனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வம்சத்தையே சொல்லிவிட முடியுமா? யாராவது கூடவே இருந்து பார்த்திருந்தால் அது வேறு. ஆழத்தில்தான் இருக்கும். அந்தச் சின்னப் பெண் மீன்கள் எல்லாம் எங்கேயோ ஆழத்தில், எவனும் தூண்டில் போடாத இடத்தில்தான் இருக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.